உளுந்தளவு வெளிச்சம்

பிப்ரவரி 3, திங்கள்

ஒயர் கடைக்காரர் வருடா வருடம் கொடுக்கும் டைரி இது. எந்தத் தேதிக்கு எந்தக் கோவில், எத்தனை டியூப் லைட், அம்மன் கட்அவுட்டா முருகன் கட்அவுட்டா என்பதைத் தவிர இதில் நான் எதையும் எழுதியதில்லை. தை பிறந்துவிட்டால் சித்திரை வரைக்கும் பக்கம் போதாது. திருமங்கலத்தில் சீரியல் செட் லைட் என்றால் தவமணி என்று என் பெயரைத்தான் சொல்வார்கள். இந்த வருடம் பக்கமெல்லாம் வெள்ளையாகக் கிடக்கிறது. மதுரை ஆஸ்பத்திரி வராந்தாவில் சும்மா உட்கார்ந்தால் மனசு கண்டதையும் நினைக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

இன்று காலை என் மனைவி ஜெயக்கொடியின் கழுத்துக்குள் அந்தச் சிப்பை வைத்துவிட்டார்கள். போன வருடம் நாக்கோரத்தில் வந்த புற்றை வெட்டி எடுத்து, கதிர் வைத்தியமாகக் கரண்டும் வைத்தார்கள். தீர்ந்தது என்று குலதெய்வத்துக்குக் கிடாயும் வெட்டியாயிற்று. தீபாவளி கழிந்ததும் கழுத்தில் இடது பக்கம் கட்டியாக மறுபடி வந்து உட்கார்ந்துகொண்டது. இன்னொரு தடவை கரண்ட் வைக்க முடியாதாம். கத்தி வைக்கலாம் என்றால் பெரிய ரத்தக்குழாயை ஒட்டி இருக்கிறதாம். கடைசியில்தான் இந்தப் புதுச் சிகிச்சை. இன்னும் சோதனையில் இருப்பதுதான். ஜெயக்கொடியோடு சேர்த்து மொத்தம் ஆறு பேர்.

டாக்டர் ரெஹானா சின்ன வயசுக்காரர். பொறுமையாகச் சொன்னார். "ஐயா, நாங்க குடுக்கிற மாத்திரை போய்க் கட்டிக்குள்ள தங்கிக்கும். சும்மா இருந்தா அது ஒண்ணும் செய்யாது. வெளிச்சம் பட்டாத்தான் கட்டியை அழிக்கும். அந்த வெளிச்சத்தை உள்ள இருந்தே குடுக்கத்தான் இந்தச் சிப்பு."

உளுந்து அளவுதான் இருக்கிறது. முப்பது வருடமாக ஊருக்கெல்லாம் வெளிச்சம் போட்டவன் நான். என் பெண்டாட்டிக்கு உளுந்தளவு வெளிச்சம் போடுகிறார்கள்.

பிப்ரவரி 5, புதன்

வீட்டுக்கு வந்துவிட்டோம். மருந்து உடம்பில் இருக்கும்வரை வெளி வெளிச்சம் அவள்மேல் படக்கூடாது, பட்டால் தோல் வெந்துவிடும் என்று சொல்லி அனுப்பினார்கள். பந்தல் தார்ப்பாயைக் கொண்டுவந்து ஜன்னல்களை அடைத்தேன். ஃபிரிட்ஜுக்குள் இருந்த பல்பைக் கழற்றினேன். டிவி, மோடம், இன்வெர்ட்டர் இவற்றில் மினுக்கும் பொட்டு விளக்குகளின் மேல் கறுப்பு டேப் ஒட்டினேன். மூலையில் ஒரே ஒரு ஜீரோ வாட்ஸ் பல்பு.

"லைட்டுக்காரன் வீட்டுல வந்து இருட்டுக்குள்ள தடவிக்கிட்டுத் திரியிறேன்" என்று ஜெயக்கொடி சிரித்தாள். நாக்கை வெட்டியதிலிருந்து பேச்சு கொஞ்சம் குழறும். எனக்கு எல்லாம் புரியும்.

சிப்புக்கு உள்ளே பேட்டரி கிடையாது. உள்ளங்கை அகலத்தில் ஒரு தட்டு, அதிலிருந்து ஒயர் இறங்கி ஒரு சின்னப் பெட்டிக்குப் போகிறது. தட்டைக் கழுத்தில் ஒட்டி மேலே துணி கட்டிவிட்டால், தோலைத் தாண்டிக் கரண்ட் உள்ளே போய் உளுந்து எரியும். குளிக்கும் நேரம் தவிர எப்போதும் ஒட்டியே இருக்க வேண்டும். இரண்டு தட்டு, இரண்டு பெட்டி கொடுத்திருக்கிறார்கள். ஒன்று கழுத்தில் இருக்கும்போது மற்றது சார்ஜில் கிடக்கும்.

பிப்ரவரி 6, வியாழன்

ரசம் சாதத்தைக் குழைத்துக் கொடுத்தேன். உப்பு இல்லையாம். இருட்டில் போட்டது எங்கே விழுந்ததோ.

பிப்ரவரி 12, புதன்

பங்குனிப் பொங்கலுக்கு லைட் பேச மாரியம்மன் கோவில் தலைவர் வந்தார். வாசல்படியைத் தாண்டியதும் கதவில் இடித்துக்கொண்டார். "என்னப்பா தவமணி, ஊருக்கெல்லாம் பகலாக்குற, ஓம் வீடு இப்பிடிக் கெடக்கு" என்றார். காரணம் சொன்னதும் பேச்சை நிறுத்திவிட்டார். வேலையை மலைராசனிடம் விட்டிருக்கிறேன் என்றேன். மலைராசன் ஜெயக்கொடியின் தம்பி. சீரியல் செட்டில் என் கூட்டாளி.

அவர் போனபிறகு ஜீரோ வாட்ஸையும் அணைத்துவிட்டு அவள் கழுத்தைப் பார்த்தேன். தட்டின் ஓரமாக, தோலுக்கு அடியில் ஒரு சிவப்பு. ஊதுபத்தி நுனியில் இருக்கும் கங்குகூட இதைவிடப் பளிச்சென்று இருக்கும்.

"உளுந்து எரியுதா?" என்றாள்.

"ஜோரா எரியுது" என்றேன்.

பிப்ரவரி 20, வியாழன்

மதுரைக்குப் போய் வந்தோம். அவளுக்கு மேலெல்லாம் போர்வை, தலைக்கு மங்கி குல்லா, கறுப்புக் கண்ணாடி. "சினிமாக்காரி மாதிரி இருக்கேனா" என்று கேட்டாள். ஸ்கேனில் கட்டி இரண்டு மில்லிமீட்டர் குறைந்திருக்கிறதாம். டாக்டர் சந்தோஷமாகச் சொன்னார். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. இரண்டு மில்லிமீட்டர் என்பது ஒயர் தடிமன்.

"வெளிச்சம் ரொம்ப மங்கலா இருக்கும்மா. கூட்டி வைக்க முடியாதா?" என்றேன்.

"ஐயா, மங்கலா இருக்கணும்னுதான் அப்படிச் செஞ்சிருக்கு. பக்கத்துல பெரிய ரத்தக்குழாய் போகுது. கட்டி மெதுவாத்தான் சாகணும். அவசரப்பட்டா நல்ல சதையும் சேர்ந்து போயிரும்."

தலையை ஆட்டினேன். டாக்டர்கள் மங்கலுக்கும் ஒரு காரணம் வைத்திருப்பார்கள். என்னிடம் எந்தக் கோவில்காரராவது லைட் மங்கலாக இருக்கிறது என்றால், மங்கலாக இருப்பதுதான் நல்லது என்று நான் சொல்லிவிட முடியுமா?

வெளியே அருள்மேரி டீச்சரைப் பார்த்தோம். திண்டுக்கல்காரர். ஜெயக்கொடிக்குச் சிப்பு வைத்த அதே நாளில் இவருக்கும் வைத்தார்கள். இரண்டு பேரும் கறுப்புக் கண்ணாடியோடு கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். டீச்சருக்கும் குறைந்திருக்கிறதாம். நம்பர் வாங்கிக்கொண்டார்.

பிப்ரவரி 22, சனி

மலைராசன் போன் செய்தான். "மச்சான், மாசித் திருவிழாவுக்குப் போட்ட தேர்வீதி லைன்ல கடைசி நாப்பது பல்பு அழுது வடியுது. என்ன செய்ய?"

"என்ன மாப்ள, இதெல்லாமா கேக்குறது. ஒரு பக்கம் மட்டும் கரண்ட் குடுத்தா கடைசி வரைக்கும் எப்பிடிப் போகும்? அந்தக் கடைசியிலயும் ஒரு சப்ளை குடு. ரெண்டு பக்கமும் குடுத்தா லைன் பூராம் ஒரே மாதிரி நிக்கும்."

கால் மணி நேரத்தில் வீடியோ அனுப்பினான். தெரு முழுக்கப் பளபளவென்று இருந்தது. வெளிச்சம் படாமல் போர்வைக்குள் வைத்து நான் மட்டும் பார்த்தேன்.

பிப்ரவரி 24, திங்கள்

மாற்றுத் தட்டு சார்ஜ் ஏறியபின் நாளெல்லாம் சும்மாதான் கிடக்கிறது.

மதியம் ஜெயக்கொடி ஒருக்களித்துத் தூங்கினாள். அப்போது ஒரு சின்ன வேலை பார்த்தேன். வெளிச்சம் நன்றாக வந்தது. கழுத்துக்குள் செம்பருத்தி பூத்த மாதிரி இருந்தது. எனக்கு மனசு லேசாகிவிட்டது. அவள் எழுந்திருக்கும் முன் எடுத்து மறுபடி சார்ஜில் போட்டுவிட்டேன்.

சாயங்காலம் அவளுக்குக் கேழ்வரகுக் கூழ் காய்ச்சினேன். பாடிக்கொண்டே காய்ச்சினேனாம். அவள்தான் சொன்னாள்.

பிப்ரவரி 25, செவ்வாய்

இன்றும்.

பிப்ரவரி 28, வெள்ளி

கழுத்து கதகதப்பாக இருக்கிறது என்றாள். மாசி வெயில் ஏறிவிட்டது, அடைத்த வீடு, அப்படித்தான் இருக்கும் என்றேன். கொஞ்சம் சிவந்திருக்கிறது. தேங்காய் எண்ணெய் தடவவா என்று கேட்டேன். எதுவும் தடவக்கூடாது என்று டாக்டர் சொன்னதை ஞாபகப்படுத்தினாள். ஆமாம், டாக்டர் சொன்னபடிதான் நடக்க வேண்டும்.

மதியம் நல்ல வெளிச்சம்.

மார்ச் 3, திங்கள்

காலையில் அவளால் எச்சில் விழுங்க முடியவில்லை. கழுத்து தாடைவரைக்கும் வீங்கி, தட்டு இருந்த இடத்தில் தோல் கறுத்துப்போயிருந்தது. மூச்சு இழுக்கும்போது விசில் சத்தம். மலைராசன் லோடு வண்டியைக் கொண்டுவந்தான். மதுரை வரைக்கும் அவள் என் சட்டையைப் பிடித்த பிடி விடவில்லை.

மூச்சு விடத் தொண்டையில் குழாய் போட்டிருக்கிறார்கள்.

டாக்டர் ரெஹானா கேட்டார். "ஐயா, தட்டை எப்பவும் வைக்கிற மாதிரிதானே வச்சீங்க? வேற எதுவும் செய்யலையே?"

"நீங்க சொன்ன மாதிரிதாம்மா" என்றேன்.

மார்ச் 7, வெள்ளி

கண் திறந்து பார்க்கிறாள். உயிருக்குப் பயமில்லை என்றார்கள். அதை இரண்டு தடவை கேட்டு வாங்கினேன்.

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்தார். அவர் கண்ணெல்லாம் உள்ளே போய்க் கிடந்தது. "சிப்புல கோளாறா, தட்டுல கோளாறான்னு தெரியல. உள்ள தேவைக்கு மேல வெளிச்சம் போயிருக்கு. அம்மாவுக்கு நடந்தது மத்தவங்களுக்கும் நடக்கலாம். அதனால ஆறு பேருக்கும் நிறுத்திட்டோம். செஞ்ச கம்பெனியில எல்லாத்தையும் பிரிச்சுப் பாக்கணும். மாசக் கணக்குல ஆகும்."

"பிரிச்சுப் பாத்து, சரி செஞ்சபிறகு?"

"மெஷின் தப்புன்னா சரி செஞ்சு எல்லாருக்கும் திரும்பக் குடுப்போம். அம்மாவுக்கும்தான். அவங்கமேல தப்பில்லையே."

"மெஷின் தப்பு இல்லன்னா?"

இதை ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "வீட்டுல மாத்தி உபயோகிச்சாங்கன்னா அவங்களைச் சோதனையில வச்சிருக்க விடமாட்டாங்க. மத்தவங்களுக்கு உடனே தொடரலாம். அது விதி."

கேன்டீனில் இட்லி நன்றாக இல்லை. புளித்துவிட்டது.

மார்ச் 10, திங்கள்

ஜெயக்கொடியின் போன் என்னிடம்தான் இருக்கிறது. அருள்மேரி டீச்சர் கூப்பிட்டார்.

"அண்ணே, அக்கா எப்படி இருக்காங்க? கேள்விப்பட்டதுல இருந்து ஜெபம் பண்ணிட்டே இருக்கேன்."

குழாயை எடுத்துவிட்டார்கள், மெல்லப் பேசுகிறாள் என்றேன்.

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம். என்னையும் நிறுத்திட்டாங்கண்ணே. எனக்குக் கையில தடவிப் பாத்தாலே தெரியுற அளவுக்குக் குறைஞ்சு வந்துச்சு. பரவால்ல. அக்காவுக்கு நடந்த மாதிரி எனக்கு நடக்காம டாக்டருங்கதானே காப்பாத்துறாங்க. ஆனா பயமா இருக்குண்ணே. ரெண்டு நாளா தடவிப் பாக்கவே பயமா இருக்கு."

சரிம்மா, சரிம்மா என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

மார்ச் 11, செவ்வாய்

எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 14, வெள்ளி

நேற்று முன்தினம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மருந்து உடம்பைவிட்டுப் போகும்வரை இருட்டு தொடர வேண்டும். தார்ப்பாய் அப்படியே இருக்கிறது. கழுத்தில் தட்டு இல்லாமல் வெறும் கட்டு மட்டும் இருக்கிறது. உள்ளே உளுந்து எரியாமல் கிடக்கிறது.

கஞ்சியை ஆற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பாதியில் கையால் தடுத்தாள். குரல் காற்றாகத்தான் வருகிறது.

"டீச்சர் போன் பண்ணுச்சா?"

"ம்."

"என்ன சொல்லுச்சு?"

சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"என்னங்க, அந்த ரெண்டாவது தட்டு. பிடரியில சில்லுன்னு படும். மொத நாளே முழிச்சுட்டேன்."

கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தேன்.

"தெரிஞ்சும் ஏன்டி சும்மா இருந்த? ஒரு வார்த்தை கேட்டிருந்தா எடுத்திருப்பேன்ல."

"கட்டி வந்ததுல இருந்து உங்க மொகத்தைப் பாக்க முடியல. அன்னைக்குத்தான் தெளிஞ்சு இருந்துச்சு. கூழு காய்ச்சும்போது பாடுனீங்க. சரி, லைட்டு சமாச்சாரம் இந்த மனுசனுக்குத் தெரியாமையா இருக்கும்னு நெனச்சுக்கிட்டேன்."

நான் அழுதேன். எழுதுவதற்கு வெட்கமில்லை. இருட்டுதானே என்று சத்தம் வராமல் அழப் பார்த்தேன், முடியவில்லை.

"டாக்டர்கிட்ட சொல்லிருங்க" என்றாள்.

"சொன்னா உன்னைச் சோதனையில இருந்து எடுத்துருவாங்க. மெஷின் தப்புன்னு போனா உனக்கும் திரும்பக் கெடைக்கும்."

"எப்ப?"

கிண்ணத்தை மறுபடி எடுத்துக் கஞ்சியைக் கலக்கினேன்.

"அந்தப் பிள்ளைக்குக் கொறையுதுன்னு சொல்லுச்சுல்ல. கொறையட்டும்."

எனக்குக் கோபம் வந்தது. டீச்சர் நமக்கு யார், பஸ்ஸில் பக்கத்துச் சீட்டில் வந்தவர் மாதிரி, அவருக்காக உன்னை நான் கைவிட வேண்டுமா என்று கத்தினேன். கஞ்சி ஆறுகிறது என்று கையைக் காட்டினாள்.

மார்ச் 15, சனி

டாக்டரைப் பார்க்க மதுரைக்குப் போனேன். ஆஸ்பத்திரி வாசலில் டீ குடித்தேன். இன்னொரு டீயும் குடித்தேன். திரும்பி வந்துவிட்டேன்.

டாக்டர் இல்லை என்று சொன்னேன். "ஓ" என்றாள். அந்த ஒரு எழுத்தில் எல்லாம் இருந்தது.

மார்ச் 17, திங்கள்

இன்று சொல்லிவிட்டேன்.

கம்பெனிக்கு அனுப்பக் கொண்டுவரச் சொல்லியிருந்த இரண்டு தட்டுகளையும் டாக்டர் ரெஹானாவின் மேஜைமேல் வைத்தேன். வலது கையால் ஒன்றையும் இடது கையால் ஒன்றையும் எடுத்து, என் கழுத்திலேயே முன்னாலும் பின்னாலும் வைத்துக் காட்டினேன்.

"ரெண்டும் ஒரே நேரத்துலயா?" என்றார்.

"லைன் மங்கலா இருந்தா நாங்க அப்பிடித்தாம்மா குடுப்போம். ரெண்டு பக்கமும்."

அவர் என் கையிலிருந்து இரண்டு தட்டையும் வாங்கி மேஜைமேல் வைத்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ரெண்டு வாரமா அந்தச் சிப்பு செஞ்சவங்களை நான் திட்டிக்கிட்டு இருக்கேன்யா" என்றார். "நான் கேட்ட அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல." பிறகு, "ரெண்டு மில்லிமீட்டர் குறைஞ்சுச்சுன்னு சொன்னேனே, அது சின்னதுன்னு நினைச்சுட்டீங்க. ஆறு பேர்ல அம்மாவுக்குத்தான் ரொம்பக் குறைஞ்சிருந்துச்சு" என்றார்.

இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று பார்த்தேன்.

அவளையாவது விட்டுவிடுங்கள், தப்பு செய்தது நான்தானே, அவளுக்கு எதுவும் தெரியாது, தூங்கிக்கொண்டிருந்தாள் என்று கெஞ்சினேன். விதி தன் கையில் இல்லை என்றார். அவள் கழுத்துச் சதையும் இனி அந்தச் சிப்பின் வெளிச்சத்தைத் தாங்காதாம். மற்றவர்களுக்கு இந்த வாரமே திரும்ப ஆரம்பித்துவிடலாம் என்று யாருக்கோ போன் செய்தார். அப்போது அவர் குரலில் உயிர் வந்தது. எனக்குப் பொறாமையாக இருந்தது.

வீட்டுக்கு வந்து சொன்னேன். "சாப்பிட்டீங்களா?" என்றாள்.

மார்ச் 26, புதன்

புது மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. கட்டியைக் கரைக்க இல்லை, அது வேகமாக வளராமல் இருக்கவாம். சிப்பை எடுக்க வேண்டாம், உள்ளே இருந்தால் கெடுதல் இல்லை என்றார்கள். "உளுந்து எனக்கே எனக்கா?" என்று டாக்டரிடம் கேட்டாள். டாக்டர் சிரித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஃபிரிட்ஜில் பல்பை மாட்டினேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

மாரியம்மனுக்குப் பங்குனிப் பொங்கல். மருந்தெல்லாம் உடம்பைவிட்டுப் போய்விட்டது, வெளிச்சம் படலாம் என்று சொல்லிவிட்டார்கள். லைட் பார்க்க வேண்டும் என்றாள். ஆட்டோவில் கூட்டிப்போனேன். கழுத்தைச் சுற்றித் துண்டு போட்டிருந்தாள். கட்டி இப்போது துண்டுக்கு மேலேயே தெரிகிறது. தெரியாத மாதிரி இரண்டு பேரும் இருக்கிறோம்.

தேர்வீதி முழுக்க மலைராசன் ஜோடித்திருந்தான். கோவில் வாசலில் நம்முடைய பெரிய அம்மன் கட்அவுட். ஆட்டோவை ஓரமாக நிறுத்தச் சொல்லிவிட்டு உள்ளே உட்கார்ந்தபடியே பார்த்தாள். கண் கூசுகிறது என்றாள், ஆனாலும் முகத்தைத் திருப்பவில்லை. அம்மனின் சூலத்தில் ஒரு வரிசை மட்டும் மங்கலாக எரிந்தது. என் கை தானாகச் சட்டைப் பையில் டெஸ்டரைத் தேடியது.

அப்போதுதான் டீச்சர் கூப்பிட்டார். கொட்டுச் சத்தத்தில் ஜெயக்கொடிக்குக் கேட்காது என்று நான் வாங்கிப் பேசினேன். மறுபடி ஸ்கேன் எடுத்தார்களாம். இன்னும் குறைந்திருக்கிறதாம். யார் வீட்டில் என்ன நடந்தது என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. அக்காவுக்கு எப்போது திரும்ப ஆரம்பிப்பார்கள் என்று கேட்டார். பார்க்கலாம் என்று சொன்னார்கள் என்றேன்.

போனை வைத்ததும் ஜெயக்கொடி என் பக்கம் சாய்ந்தாள்.

"டீச்சரா? உளுந்து எரியுதாமா?"

"எரியுதாம்."

"மங்கலாத்தான?"

"மங்கலாத்தான்."

"எரியட்டும்" என்றாள். சட்டைப் பையில் இருந்த என் கையை வெளியே எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "அந்தச் சூலமும் அப்பிடியே இருக்கட்டும். நீங்க போயி எதையும் சரி பண்ணிறாதீங்க."